டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ உருவான விதமும் வெளியான விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1972 மார்ச்சில் வெளிவந்த ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு தீவிபத்தையும் ஒரு கிதார் துணுக்கையும் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டையும் தாண்டி, ஐந்து இசைக்கலைஞர்கள் ஒரு குளிர்கால ஓட்டலின் தாழ்வாரத்தில் சேர்ந்து வாசித்து இதை எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதை அறிந்துகொண்டு கேட்டால்தான் இதன் ஒலி ஏன் இன்றும் இவ்வளவு நேரடியாக வந்து சேர்கிறது என்பது விளங்கும். ஹார்ட் ராக் இசைக்குப் புதியவர்களும் பழகியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

இந்த ஆல்பத்தில் வாசித்தவர்கள் யார்?

இங்கிலாந்தைச் சேர்ந்த டீப் பர்ப்பிள் குழு 1968இல் தொடங்கப்பட்டது. ‘மெஷின் ஹெட்’ அதன் ஆறாவது ஸ்டுடியோ ஆல்பம். இதில் ரிச்சி பிளாக்மோர் கிதாரும், ஜான் லார்ட் ஆர்கனும், இயன் பைஸ் டிரம்ஸும், ரோஜர் க்ளோவர் பேஸ் கிதாரும் வாசிக்க, இயன் கில்லன் பாடியிருக்கிறார். முதல் மூவர் தொடக்கம் முதலே குழுவில் இருந்தவர்கள். கில்லனும் க்ளோவரும் ‘எபிசோட் சிக்ஸ்’ என்ற வேறொரு குழுவிலிருந்து 1969இல் வந்து சேர்ந்தவர்கள். ரசிகர்கள் இந்த ஐவர் அணியை ‘மார்க் டூ’ (இரண்டாவது அணி) என்பார்கள். ஏழு பாடல்களும் ஐவரின் பெயரிலும் பொதுவாகவே பதிவாகியிருக்கின்றன. ஆல்பத்தின் தலைப்பு, கிதாரின் தலைப்பகுதியில் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்க உதவும் திருகு அமைப்பின் பெயராகும்.

இதற்கு முன்பு குழுவின் நிலை என்னவாக இருந்தது?

1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ஜான் லார்ட் எழுதிய ஓர் இசைக்கோவையை முழு ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து இவர்கள் வாசித்தார்கள். அது பெயர் வாங்கித் தந்தாலும், தங்களை ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் குழுவாகவே மக்கள் நினைத்துவிடுவார்களோ என்ற கவலை மற்றவர்களுக்கு, குறிப்பாகப் பிளாக்மோருக்கு, ஏற்பட்டது. அதற்கு மறுமொழியாகத்தான் 1970இல் ‘இன் ராக்’ ஆல்பம் வந்தது. சத்தமும் வேகமும் நிறைந்த அந்த ஆல்பத்திலிருந்துதான் நாம் இன்று அறிந்த டீப் பர்ப்பிள் தொடங்குகிறது.

அடுத்து வந்த ‘ஃபயர்பால்’ 1971இல் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. ஆனாலும் குழுவினருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஓயாத இசைப் பயணங்களுக்கு நடுவே கிடைத்த ஓரிரு நாட்களில், வெவ்வேறு மாதங்களில், துண்டு துண்டாகப் பதிவான ஆல்பம் அது. மேடையில் தாங்கள் எழுப்பும் ஒலிக்கும் இசைத்தட்டில் கேட்கும் ஒலிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. இந்தச் சமயத்தில் கில்லனுக்கு மஞ்சள் காமாலை வந்ததால் 1971 இலையுதிர்கால அமெரிக்கப் பயணம் நின்றுபோனது. அதனால் அந்த ஆண்டின் இறுதியில், புதிய ஆல்பத்துக்கென்று தொடர்ச்சியாகச் சில வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தன.

லண்டனில் நல்ல ஸ்டுடியோக்கள் இருக்க, ஸ்விட்சர்லாந்துக்குப் போக வேண்டிய காரணம் என்ன?

இரண்டு காரணங்கள். ஒன்று வரி: நாட்டுக்கு வெளியே பதிவு செய்வது அக்காலத்துப் பிரிட்டிஷ் இசைக்கலைஞர்கள் பலருக்கும் லாபமாக இருந்தது. இதைவிட முக்கியமானது இரண்டாவது காரணம். ஸ்டுடியோ அறையின் அடங்கிய ஒலி வேண்டாம், மேடை உள்ள ஒரு கூடத்தில், பார்வையாளர் இல்லாமல், கச்சேரியில் நிற்பதுபோல் நின்று வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள்.

ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்ட்ரூ நகரத்தின் கேசினோ அதற்குப் பொருத்தமாகத் தோன்றியது. சூதாட்டக் கூடம், உணவகம், கச்சேரி அரங்கம் எல்லாம் ஒன்றாக அமைந்த பெரிய கட்டடம் அது. அந்நகரத்தின் சுற்றுலா அலுவலகத்தில் பணியாற்றியவரும் 1967இல் மோன்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களில் முதன்மையானவருமான க்ளோட் நோப்ஸ் இவர்களுக்கு நண்பர். குளிர்காலத்தில் கேசினோ அரங்கம் மூடிக்கிடக்கும் என்றும், பருவத்தின் கடைசிக் கச்சேரி முடிந்ததும் முழுக்கூடத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அவர் ஏற்பாடு செய்திருந்தார்.

ஆல்பத்தின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலில் வரும் ‘ரோலிங் ஸ்டோன்ஸ் வண்டி’ எது?

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு, தாங்கள் விரும்பிய இடத்தில் பதிவு செய்வதற்காக ஒரு லாரிக்குள் முழு ஒலிப்பதிவுக் கட்டுப்பாட்டு அறையையே அமைத்து வைத்திருந்தது. தங்களுக்கு வேண்டாத நாட்களில் அதைப் பிற குழுக்களுக்கு வாடகைக்கும் கொடுத்தார்கள். லெட் ஸெப்பலின் தங்கள் நான்காவது ஆல்பத்தின் பெரும்பகுதியை ஹெட்லி கிரேஞ்ச் என்ற கிராமத்து மாளிகையில் பதிவு செய்தது இந்த லாரியைக் கொண்டுதான். வாசிப்பவர்கள் கட்டடத்துக்குள் இருப்பார்கள். மைக்குகளிலிருந்து வரும் வடங்கள் சன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ வெளியே நிற்கும் லாரிக்குப் போகும். ஒலிப்பொறியாளர் லாரிக்குள் உட்கார்ந்திருப்பார். அந்த வண்டி இப்போது கனடாவின் கால்கரி நகரத்தில் உள்ள தேசிய இசை மையத்தில் பழுதுபார்த்துப் பாதுகாக்கப்படுகிறது.

1971 டிசம்பர் 4 அன்று கேசினோவில் என்ன நடந்தது?

பருவத்தின் கடைசிக் கச்சேரி அன்று அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவும் அவருடைய ‘மதர்ஸ்’ குழுவும் நடத்தியது. அடுத்த நாள் முதல் அதே மேடையில் தங்கள் கருவிகளை அமைக்கவிருந்த டீப் பர்ப்பிள் குழுவினரும் பார்வையாளர்களோடு அமர்ந்திருந்தார்கள். கச்சேரியின் பிற்பகுதியில், கூட்டத்தில் இருந்த ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியால் மேற்கூரையை நோக்கிச் சுட்டார். கடலில் தவிப்பவர்கள் உதவி கேட்டு வானில் ஒளி எழுப்பப் பயன்படுத்தும் துப்பாக்கி அது. கூரையில் பற்றிய தீ முதலில் சிறிதாகவே தெரிந்தது. ஸாப்பா வாசிப்பை நிறுத்திவிட்டு, பதற்றப்படாமல் வெளியேறும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். நோப்ஸ் உள்ளே ஓடி, சிக்கிக்கொண்ட இளைஞர்களை வெளியே கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கட்டடம் முழுவதும் எரிந்து போனது. ஸாப்பா குழுவின் கருவிகளும் எரிந்தன.

தங்கியிருந்த ஓட்டலிலிருந்து குழுவினர் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய காற்று புகையைக் கீழே அழுத்த, அது ஜெனீவா ஏரியின் மேல் ஒரு படலமாகப் பரவி நின்றது. சில நாட்களுக்குப் பின் ஒரு காலை, தூக்கத்திலிருந்து விழிக்கும்போது க்ளோவரின் வாயில் வந்த ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ (நீரின்மேல் புகை) என்ற சொற்றொடர்தான் பாடலின் தலைப்பானது. கில்லனுக்கு முதலில் அதில் தயக்கம் இருந்தது. போதைப்பொருளைப் பற்றிய பாடல் என்று கேட்பவர்கள் நினைத்துவிடுவார்கள் என்று அவர் எண்ணினார்.

கேசினோ எரிந்த பிறகு எங்கே பதிவு செய்தார்கள்?

வாடகை லாரி வந்து நிற்கிறது; ஒலிப்பொறியாளர் மார்ட்டின் பர்ச் தயாராக இருக்கிறார்; வாசிக்க இடமில்லை. நோப்ஸ் அலைந்து திரிந்து ‘பெவிலியன்’ என்ற பழைய நாடக அரங்கத்தை ஏற்பாடு செய்து கொடுத்தார். ஆனால் அது ஊர் நடுவே இருந்தது. ராக் குழு ஒன்று முழுச் சத்தத்தில் வாசித்தால் அக்கம்பக்கத்தில் யார் தூங்க முடியும்? புகார்கள் போயின, போலீஸ் வந்தது. உள்ளே ஒரு பாடலின் இசைப்பகுதி நன்றாக அமைந்துவரும் நேரம். குழுவின் உதவியாளர்கள் கதவுகளை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, அந்த வாசிப்பு முடியும்வரை போலீசார் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. பெவிலியனில் உருப்படியாகப் பதிவானது அந்த ஒன்று மட்டும்தான். அதற்கு அப்போது வரிகளும் இல்லை, பெயரும் இல்லை. ‘டைட்டில் நம்பர் ஒன்’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்தார்கள். பின்னால் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ஆனது அதுதான்.

கிராண்ட் ஓட்டலில் பதிவு செய்தது எப்படி?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் ஆல்பத்தின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. குளிர்காலத்துக்காக மூடப்பட்டு, ஆளரவமும் வெப்பமும் இல்லாமல் கிடந்த கிராண்ட் ஓட்டலைக் கடைசியாக எடுத்தார்கள். அறைகள் எதுவும் போதுமான அளவுக்குப் பெரியதாக இல்லாததால், தாழ்வாரத்தின் ஒரு பகுதியையே ஸ்டுடியோவாக மாற்றினார்கள். ஓட்டலில் இருந்த கட்டில் மெத்தைகளை எடுத்துவந்து சுவர்களிலும் திறந்த பக்கங்களிலும் சாத்தி, எதிரொலியைக் கட்டுப்படுத்தினார்கள். குளிரை விரட்டப் பெரிய வெப்பமூட்டிகளையும், வெளிச்சத்துக்குச் சிவப்பு விளக்குகளையும் வைத்துக்கொண்டார்கள். டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயர்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில் நின்றன.

லாரி வெளியே நின்றது. பதிவு செய்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால், வாசித்தவர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, படுக்கையறைகளுக்குள் புகுந்து, பால்கனிகளைக் கடந்து, முற்றத்தில் பனிக்காற்றில் நடந்து லாரிக்குப் போக வேண்டும்; கேட்டுவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். சில தடவைகளிலேயே அலுத்துப்போன குழுவினர், போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்பதை வாசிக்கும்போது தங்களுக்குத் தோன்றுவதைக் கொண்டும், லாரியில் இருந்த பர்ச்சின் காதைக் கொண்டும் முடிவு செய்தார்கள்.

ஒரு வசதிக் குறைவு இவ்வளவு பெரிய நன்மையைச் செய்தது வியப்புக்குரியது. ஒவ்வொரு சுரத்தையும் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் ஸ்டுடியோப் பழக்கம் அங்கே நடைமுறைக்கு வரவே முடியவில்லை. அதனால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பாடல் தொடங்கினால் முடியும்வரை சேர்ந்தே வாசித்தார்கள். பைஸின் டிரம்ஸும் க்ளோவரின் பேஸும் இந்த ஆல்பத்தில் இம்மியும் விலகாமல் பூட்டிக்கொண்டு நிற்பதையும், ஒலியில் மினுக்கலும் எதிரொலியும் அதிகம் இல்லாமல் அருகிலிருந்து கேட்பதுபோல் இருப்பதையும் காதுள்ள எவரும் உணரலாம். டிசம்பர் 6 முதல் 21 வரையிலான நாட்களுக்குள், இடம் தேடி அலைந்த நேரத்தையும் சேர்த்து, எல்லா வேலையும் முடிந்துவிட்டது.

இந்த ஒலியில் மார்ட்டின் பர்ச்சின் பங்கு என்ன?

ஆல்பத்தின் தயாரிப்பாளராகக் குழுவே தன் பெயரைப் போட்டுக்கொண்டது. ஆனால் ஒரு லாரிக்குள் தனியாக உட்கார்ந்து, வாசிப்பவர்களைப் பார்க்காமலே, தாழ்வாரத்தில் எழுந்த பெருஞ்சத்தத்தை ஒவ்வொரு கருவியும் தெளிவாகப் பிரிந்து கேட்கும்படி நாடாவில் இறக்கியவர் பர்ச். பின்னாளில் ரெயின்போ, ஒயிட்ஸ்நேக், பிளாக் சப்பாத், அயர்ன் மெய்டன் ஆகிய குழுக்களின் முக்கியமான ஆல்பங்களைத் தயாரித்தவரும் இவரே. 2020இல் காலமானார்.

அப்படியானால் தீவிபத்து நடந்திருக்காவிட்டால் இந்த ஆல்பம் இல்லையா?

அப்படிச் சொல்வது மிகை. தீ தந்தது ஒரு பாடலின் வரிகளை மட்டுமே. குழு வெறுங்கையோடு மோன்ட்ரூவுக்கு வரவில்லை. ‘ஹைவே ஸ்டார்’, ‘லேஸி’ ஆகிய இரண்டையும் 1971 இலையுதிர்காலத்திலேயே கச்சேரிகளில் வாசித்துப் பழகியிருந்தார்கள். அந்த ஆண்டு ஜெர்மானியத் தொலைக்காட்சியின் ‘பீட் கிளப்’ நிகழ்ச்சியில் ‘ஹைவே ஸ்டார்’ ஒளிபரப்பானது. அதில் கில்லன் பாடும் வரிகள் இன்னும் முடிவாகாமல், ஆல்பத்தில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டு இருப்பதைக் காணலாம். மேடையில் உரசிக் கூராக்கப்பட்ட பாடல்களை மேடைபோன்ற சூழலில் பதிவு செய்ததே இந்த வெற்றியின் அடிப்படை.

‘ஹைவே ஸ்டார்’ எப்படிப் பிறந்தது?

1971 செப்டம்பரில், போர்ட்ஸ்மத் நகரத்தில் நடக்கவிருந்த கச்சேரிக்குக் குழு பேருந்தில் போய்க்கொண்டிருந்தது. உடன் வந்த பத்திரிகையாளர்களில் ஒருவர், நீங்கள் பாடல்களை எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டார். கையில் ஒரு கிதாரை வைத்திருந்த பிளாக்மோர், இப்படித்தான் என்று ஒரே சுரத்தை விடாமல் வேகமாக மீட்டத் தொடங்க, கில்லன் அதன்மேல் வாய்க்கு வந்த வரிகளைப் பாடினார். அன்றிரவே அதை மேடையிலும் வாசித்துவிட்டார்கள் என்பது குழுவினர் சொல்லிவரும் செய்தி.

இந்தப் பாடலின் கிதார் தனிவாசிப்பைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அக்காலத்து ராக் கிதார் கலைஞர்கள் பெரும்பாலும் தனிவாசிப்பை அந்த நேரத்துக் கற்பனைக்கு விட்டுவிடுவார்கள். பிளாக்மோரும் பொதுவாக அப்படித்தான். இதற்கு மட்டும் அவர் ஒவ்வொரு சுரத்தையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசைமேதை பாஹின் இசையை நினைவூட்டும் ஒத்திசைவு வரிசையின்மேல் அடுக்கடுக்காக ஏறும் துரித சுரங்களை அமைத்தார். லார்டின் ஆர்கன் பகுதியும் அதே மரபிலிருந்து எடுத்ததுதான். மேற்கத்திய செவ்வியல் இசையையும் ஹார்ட் ராக்கையும் இணைத்துப் பின்னால் வந்த எண்ணற்ற கிதார் கலைஞர்களுக்கு இந்த ஆறு நிமிடப் பாடல் பாலபாடமாக ஆனது.

‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கின்) அமைப்பு என்ன? எல்லோரும் வாசிக்கும் அது ஏன் பெரும்பாலும் தட்டில் உள்ளதுபோல் கேட்பதில்லை?

நமக்குப் பழகிய சுரப் பெயர்களில் சொன்னால், ஜி சுருதியைச் சட்ஜமாக வைத்து, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம் என்று ஏறுகிறது முதல் அடி. இரண்டாவது அடியில் காந்தாரத்துக்குப் பிறகு பிரதி மத்தியமத்தைத் தொட்டுச் சுத்த மத்தியமத்துக்கு இறங்குகிறது. மூன்றாவது அடி ச-க-ம என்று ஏறி, க-ச என்று திரும்பி வந்து அமர்கிறது. மொத்தம் நான்கே சுரங்கள். ஆனால் ஒவ்வொரு சுரத்தோடும் அதற்கு நான்கு இடம் கீழே உள்ள சுரமும் சேர்ந்தே ஒலிக்கிறது. சட்ஜத்தோடு கீழ்ப் பஞ்சமம் சேர்வதுபோல. அடுத்தடுத்த இரண்டு தந்திகளை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்தால் இது கிடைக்கும்.

வேறுபாடு வலக்கையில்தான் வருகிறது. புதிதாகக் கற்பவர்கள் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கொண்டு மேலிருந்து கீழாகத் தட்டுகிறார்கள். அப்போது ஒரு தந்தி முன்னும் மற்றொன்று ஒரு கணம் பின்னும் ஒலிக்கிறது. பிளாக்மோர் பிக் இல்லாமல் விரல்களால் இரண்டு தந்திகளையும் ஒரே கணத்தில் கிள்ளி இழுக்கிறார். அதனால் இரண்டு சுரமும் ஒன்றாக, நறுக்கென்று எழுகின்றன. அதுபோக, நாம் தட்டில் கேட்பது கிதார் மட்டும் அல்ல. லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை வழக்கமான லெஸ்லி ஒலிபெருக்கியின் வழியாக அல்லாமல் கிதாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஒலி கரகரத்துச் சிதறும்படி வாசிப்பார். அந்த ஆர்கனும் இதே ரிஃபைக் கிதாரோடு சேர்ந்து வாசிக்கிறது. முதலில் கிதார் தனியாக, பின் டிரம்ஸின் ஹை-ஹாட்டும் (காலால் இயக்கும் ஜோடித் தாளம்) ஆர்கனும், பின் முழு டிரம்ஸ், பின் பேஸ் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும் அந்தத் தொடக்கத்தை ஹெட்ஃபோனில் ஒருமுறை கவனித்துக் கேட்பது நல்லது. எளிமையானது என்று இந்த ரிஃபைத் தாழ்வாகப் பேசுபவர்களை நான் ஏற்பதில்லை. நான்கு சுரத்தில் உலகம் முழுவதும் அடையாளம் காணும் ஒன்றை அமைப்பது எளிய செயல் அல்ல.

மற்ற பாடல்களில் கவனிக்க வேண்டியவை எவை?

‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ என் கணிப்பில் இந்த ஆல்பத்தின் மிகவும் கவனிக்கப்படாத சிறந்த பாடல். பைஸின் டிரம்ஸ் பொழிவோடு தொடங்கி, ஆர்கன், பேஸ், கிதார் எல்லாவற்றுக்கும் தனி இடம் கொடுத்து, முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் மீண்டும் எழுந்து வருகிறது. க்ளோவருக்கு இவ்வளவு நல்ல பேஸ் தனிவாசிப்பு வேறெங்கும் அமையவில்லை. ‘லேஸி’ ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் ப்ளூஸ்; லார்டின் உறுமும் ஆர்கனில் தொடங்கி, நான்கு நிமிடங்களுக்குப் பிறகே பாட்டு வருகிறது; நடுவே மவுத் ஆர்கன் வாசிப்பவரும் கில்லன்தான். ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ விண்வெளிப் பயணத்தைப் பற்றிய விளையாட்டான பாடல். தொலைக்காட்சியில் வந்த ‘பேட்மேன்’ தொடரின் தலைப்பிசையை மனத்தில் வைத்து அதன் ரிஃப் அமைந்தது. ‘மேபி ஐம் எ லியோ’ நிதானமான நடை உடையது. தலைப்பில் வரும் சிம்ம ராசி கில்லனுடையது. ‘நெவர் பிஃபோர்’ நல்ல பாடல்தான், ஆனாலும் மற்ற ஆறின் உயரத்துக்கு வரவில்லை.

‘வென் எ ப்ளைண்ட் மேன் க்ரைஸ்’ ஏன் ஆல்பத்தில் இடம்பெறவில்லை?

அதே நாட்களில் பதிவான மெதுவான, உருக்கமான பாடல் அது. பிளாக்மோருக்குப் பிடிக்காததால் விடப்பட்டு, ‘நெவர் பிஃபோர்’ சிங்கிளின் (தனிப்பாடல் இசைத்தட்டின்) பின்பக்கத்தில் மட்டும் வெளிவந்தது. கில்லனின் குரலுக்காகவே அது ஆல்பத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பிளாக்மோர் குழுவை விட்டு விலகிய பிறகு அது கச்சேரிகளில் வழக்கமாக இடம்பெறத் தொடங்கியது.

ஆல்பம் எப்படி வரவேற்கப்பட்டது?

பிரிட்டனில் குழுவின் சொந்த நிறுவனமான பர்ப்பிள் ரெக்கார்ட்ஸும், அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸும் வெளியிட்டன. பளபளக்கும் உலோகத் தகட்டில் ஐவரின் உருவங்கள் நெளிந்து தெரிவதும் அதே தகட்டில் குழுவின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதுமான அட்டைப்படம் உடனே மனத்தில் பதிந்தது. பிரிட்டனில் ஆல்பம் முதலிடத்துக்கு ஏறியது. அமெரிக்காவில் ஏழாவது இடம்வரை சென்று, அந்நாட்டு விற்பனைப் பட்டியலான பில்போர்டில் 118 வாரங்கள் இருந்தது. அங்கே இருபது லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழையும் பெற்றது.

‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ஏன் ஓராண்டுக்கும் மேல் தாமதமாக ஹிட் ஆனது?

குழுவினர் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் உண்மை. முதலில் கேட்டபோதே இது பெரிய வெற்றி பெறும் என்று தான் சொன்னதாகவும், ஆல்பத்தில் சேர்ப்பதா என்றே அவர்கள் தயங்கியதாகவும் நோப்ஸ் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். சிங்கிளாக வெளியிட அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘நெவர் பிஃபோர்’. அது பிரிட்டனில் 35ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகள் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற இரட்டை ஆல்பமாக வந்தபோது நிலைமை மாறியது. ‘மெஷின் ஹெட்’ பாடல்கள் நான்கு அதில் இருந்தன. ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ இருபது நிமிடத்துக்கு விரிந்திருந்தது. அதன் அமெரிக்க வெளியீட்டை ஒட்டி, 1973 மே மாதத்தில் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ சுருக்கப்பட்டுச் சிங்கிளாக வெளிவந்து, அங்கே நான்காவது இடத்தைப் பிடித்தது. அந்தப் பாடல் வானொலிகளில் முழங்கிக்கொண்டிருந்த கோடையில், அதற்குப் பெயர் தந்த க்ளோவரும் பாடிய கில்லனும் குழுவிலேயே இல்லை. 1973 ஜூன் இறுதியில் ஒசாகாவில் நடந்த கச்சேரியோடு இருவரும் விலகியிருந்தார்கள். ஓய்வே கொடுக்காமல் குழுவை ஊர் ஊராக ஓட்டிய நிர்வாகமும், பிளாக்மோருக்கும் கில்லனுக்கும் இடையே முற்றிய பகையும் அதற்குக் காரணங்கள். இந்த ஐவரும் மீண்டும் ஒன்றுசேர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸாப்பாவுக்கும் மோன்ட்ரூவுக்கும் பிறகு என்ன ஆனது?

ஸாப்பாவுக்கு அது கொடுமையான மாதம். கருவிகளை இழந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 10 அன்று லண்டன் ரெயின்போ தியேட்டரில் பார்வையாளர் ஒருவர் மேடையில் ஏறி அவரைக் கீழே இருந்த ஆர்கெஸ்ட்ராக் குழியில் தள்ளிவிட்டார். பலத்த காயங்களோடு நீண்ட காலம் சக்கர நாற்காலியில் இருக்க நேர்ந்தது.

கேசினோ 1975இல் மீண்டும் கட்டித் திறக்கப்பட்டது. அந்தப் புதிய கட்டடத்தில் அமைந்த மவுண்டன் ஸ்டுடியோவைக் குவீன் குழு 1979இல் வாங்கியது. ஏரிக்கரையில் இந்தப் பாடலின் ரிஃபையும் குழுவின் பெயரையும் தாங்கிய நினைவுச்சின்னம் ஒன்றும் இருக்கிறது. ஜான் லார்ட் 2012 ஜூலையிலும், நோப்ஸ் 2013 ஜனவரியிலும் காலமானார்கள்.

எந்தப் பதிப்பைக் கேட்பது நல்லது?

முதல்முறை கேட்பவர்கள் 1972இன் அசல் கலவையையே (தனித்தனியாகப் பதிவான ஒலிகளைச் சேர்த்து அமைத்த வடிவத்தையே) கேட்க வேண்டும். மேலே சொன்ன தாழ்வாரத்தின் இறுக்கம் அதில்தான் முழுமையாக இருக்கிறது. 1997இல் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்காகக் க்ளோவரே அசல் நாடாக்களிலிருந்து புதிதாகக் கலவை செய்த பதிப்பில், பாடல்களின் முடிவுகள் சற்று நீண்டு, முன்பு மங்கி மறைந்த வாசிப்புகள் கேட்கக் கிடைக்கின்றன. ‘வென் எ ப்ளைண்ட் மேன் க்ரைஸ்’ பாடலும் அதில் உண்டு. 2024இல் வந்த பெரிய தொகுப்பில் புதிய கலவையைச் செய்திருப்பவர், அன்று கேசினோ மேடையில் நின்ற ஃப்ராங்க் ஸாப்பாவின் மகன் ட்வீஸில் ஸாப்பா. அசலை நன்கு பழகியவர்கள் அதன் பிறகு இதற்கு வரலாம். இவற்றோடு ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், தாழ்வாரத்தில் ஆறு நிமிட அளவில் கட்டுப்பட்ட ‘ஹைவே ஸ்டார்’ எட்டே மாதத்தில் மேடையில் எவ்வளவு வேகம் பிடித்திருந்தது என்பது தெரியவரும்.